555 புத்தகமும் நம் பெருந்தொற்றுக் கட்டுரைகளும்

2020 ஏப்ரலில் நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது எல்லாரும்தான் எழுதினார்கள். சுபாங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னல், எதிர் மாடியில் காயும் துணி, கார் இரைச்சல் அடங்கியதும் கேட்க ஆரம்பித்த மைனாக்கள், ஒற்றை ஆளாகக் கலக்கிக் குடித்த தேநீர், கடைசியில் 'காலம் நின்றுவிட்டது' என்று ஒரு வரி. முகநூலில் போட்டேன். இன்ஜினியர் பையன் இவ்வளவு நல்ல தமிழ் எழுதுகிறானே என்று பழைய பள்ளி ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள். 2021 கடைசியில் இன்னொன்று எழுதினேன். அது பெரியப்பாவின் சாவைப் பற்றியது. ஒரு சிறிய தொகுப்பில் வந்தது. படித்துவிட்டு அழுததாகச் சிலர் சொன்னார்கள்.

போன வருடம் ஒரு வாசகர் வட்டத்தில் பெருந்தொற்றுக் கால எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்காக மலேசியா, சிங்கை, தமிழ்நாடு என்று கிடைத்த அனுபவக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்தேன். நாற்பதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். என்னுடைய இரண்டையும் அந்தக் குவியலுக்குள்ளேயே பெயர் தெரியாத ஆளுடையது மாதிரி போட்டு வைத்து வரிசையாகப் படித்தேன். யாருடைய பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. அடிப்பதென்றால் முதல் அடி எனக்குத்தான் விழ வேண்டும்.

நாற்பதில் முப்பதாவது ஒரே கட்டுரைதான். ஜன்னல் இருக்கும். பறவை இருக்கும். வானம் திடீரென்று நீலமாகியிருக்கும். இயற்கை தன்னைச் சீர்செய்துகொண்டிருக்கும். மனைவியின் சமையல் வேலை எவ்வளவு கஷ்டம் என்று எழுத்தாளருக்கு முதல் தடவையாகப் புரிந்திருக்கும். ஜூமில் கவியரங்கம் நடந்திருக்கும். சாவு வந்தால் அது எண்ணிக்கையாக வரும், இல்லையென்றால் தொலைக்காட்சியில் வரும். மாலை ஐந்து மணிக்கு டாக்டர் நோர் ஹிஷாம் வந்து அன்றைய எண்ணைச் சொல்வார், கட்டுரைக்காரர் பெருமூச்சு விடுவார், அடுத்த பத்தியில் மறுபடி ஜன்னல்.

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. என் எரிச்சல் அந்தக் 'காலம் நின்றுவிட்டது' மேல்தான். ஏனென்றால் அதே வரியை நான் எழுதியபோது, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் காலம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கம். கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: செம்பனை, நடுவில் சாலை, சாலையோரம் கோயில், அதற்குப் பின்னால் லயம், லயத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவு விலை வீடுகள். 2020 மார்ச் 18-ல் எம்சிஓ வந்தது. வீட்டுக்கு ஒருத்தர், அதுவும் குடும்பத் தலைவர் மட்டும், பத்து கிலோமீட்டருக்குள் போய்ச் சாமான் வாங்கலாம் என்றார்கள். ஆனால் செம்பனைத் துறை இயங்க அனுமதி இருந்தது. அதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலை போகாது. வெட்டாமல் விட்டால் பழம் மரத்திலேயே உதிர்ந்து அழுகும். செம்பனைக்கு எம்சிஓ தெரியாது. அதனால் விடியலில் பெரட்டு நடந்தது, லோரி வந்தது, உதிரிப்பழம் பொறுக்கினார்கள். தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு முதல் சில வாரம் நின்ற பஸ் மறுபடி வந்தது. செக்யூரிட்டி வேலைக்குப் போகும் மாமாக்களுக்கு லீவே கிடையாது. காலம் நின்றது எனக்குத்தான். மடிக்கணினி இருந்தது, சம்பளம் வந்தது.

இதற்காக வீட்டிலிருந்து எழுதுகிறவன் எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. ஃபாங் ஃபாங் அப்படித்தான் எழுதினார். 2020 ஜனவரி 25-ல் வூஹானில் ஆரம்பித்து அறுபது பதிவுகள். அவரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்தான். வெளியே அதிகம் போய்ப் பார்த்தவரில்லை. ஆனால் அவரிடம் ஒரு தொலைபேசி இருந்தது, அதில் டாக்டர்கள், அண்டைவீட்டார், பழைய வகுப்புத் தோழர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை அன்றன்றைக்கே எழுதினார். தகனக் கூடத்தின் தரையில் ஆளில்லாத கைப்பேசிகள் குவிந்து கிடப்பதாக டாக்டர் நண்பர் அனுப்பிய ஒரு படத்தைப் பற்றி எழுதியதற்காகவே அவர்மேல் பாய்ந்தார்கள். படத்தைக் காட்டு என்றார்கள். பொய்க்காரி என்றார்கள். புத்தகம் வெளிநாட்டில் வருகிறது என்றதும் இன்னும் மோசம்.

எனக்கு அந்த நாட்குறிப்பு முழுக்கப் பிடித்தது என்று சொல்ல முடியாது. பல பதிவுகள் தளர்வாக இருக்கின்றன, சொன்னதையே சொல்கிறார். ஆனாலும் ஒரு விஷயத்தை அவரிடம் மறுக்க முடியாது. அவருடைய 'நான்' ஒரு வாசல். யாராவது உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள். நம் கட்டுரைகளின் 'நான்' கண்ணாடிதான். என்னிடமும் தொலைபேசி இருந்தது. அம்மா தினமும் கூப்பிட்டார். சாப்பிட்டியா என்று கேட்பார், ஊர்க் கதை சொல்வார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'ம்' சொல்லிக்கொண்டே, மைனாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டேனியல் டீஃபோ. அவருடைய 'பிளேக் ஆண்டின் குறிப்பேடு' 1722-ல் வந்தது. லண்டன் பிளேக் நடந்தது 1665-ல். அப்போது அவருக்கு ஐந்து வயது இருக்கலாம். அதாவது நேரில் கண்டதாகச் சொல்லும் அந்தப் புத்தகம் ஒரு புனைவு, குதிரைச் சேண வியாபாரி ஒருவன் சொல்வதுபோல. தொழில் புத்தியோ என்னவோ, எனக்கு அதில் மிகவும் பிடித்தது அட்டவணைகள்தான். எந்த வட்டாரத்தில் அந்த வாரம் எத்தனை பேர் செத்தார்கள் என்று வாரச் சாவுப் பட்டியலை அப்படியே போடுகிறார். அடுத்த பக்கத்தில் அந்தச் சேண வியாபாரி தெருவில் இறங்கி நடக்கிறான், பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கும் காவலாளியைப் பார்க்கிறான், பட்டியலை நம்பலாமா என்று யோசிக்கிறான். அதிகாரிகள் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறார்களோ, வேறு நோயின் கணக்கில் எழுதிவிட்டார்களோ என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது. எண்ணும் தெருவும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. நாம் ஐந்து மணி எண்ணைக் கேட்டோம், பகிர்ந்தோம், பயந்தோம். 2021 ஆகஸ்ட் 26-ல் 24,599 என்று வந்தது. அந்த எண்ணோடு தெருவில் இறங்கி நடந்த கட்டுரை என் நாற்பதில் இரண்டே இரண்டு. ஒன்று தாதி எழுதியது. இன்னொன்றை எழுதியவர் ஈமக்காரியம் செய்பவரின் மகன்.

எண் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1901 முதல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், மலாய் மாநிலங்களில் மலேரியா தடுப்பைப் பற்றி 1911-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிலாங்கூர் தோட்டங்கள் அதில் வரிசையாக வருகின்றன. ஆயிரம் பேருக்கு இத்தனை சாவு, கால்வாய் வெட்டிய பிறகு இத்தனை. பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன், அருமையான வேலை. வடிகால் வெட்டி உயிரைக் காப்பாற்றிய மனிதர். ஆனால் செத்த ஆயிரத்தில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. எல்லாரும் 'கூலி'. அதில் ஒருவர் என் பாட்டனாருக்குப் பாட்டனாராக இருக்கலாம். 1918-ன் இன்ஃப்ளூயன்ஸா தோட்டங்களை வாரிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். அதைப் பற்றி அந்தத் தலைமுறைத் தமிழர் எழுதிய ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. இந்தியில் நிராலா எழுதியிருக்கிறார். அந்த நோயில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தவர், கங்கையில் பிணங்கள் நிறைந்து கிடந்ததை 1939-ல் வந்த 'குல்லீ பாட்'டில் சொல்கிறார். இருபது வருடம் கழித்து, அதுவும் நண்பனின் கதையைச் சொல்ல வந்த இடத்தில், சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களுக்கு முன்னால் என் நாற்பது கட்டுரைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன. நமக்கும் நேரம் எடுக்கும் போலிருக்கிறது. சயாம் ரயில் பாதையில் 1943-ல் காலராவில் செத்தவர்களை நம் நாவல்கள் தொட அரை நூற்றாண்டு ஆனது.

தோட்டம் என்றதும் ஒரு புகார் நம் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். வெள்ளைக்காரன் எழுதினான், நம்மை விட்டுவிட்டான் என்று. நியாயமான புகார். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் எங்கள் சிலாங்கூர் ஆற்றங்கரையில்தான், ரந்தாவ் பாஞ்சாங்கில், தோட்டம் போட்டார். 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் செம்பனை அது. தோட்டத்தின் பெயரைப் பார்த்தாலே அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தெரியும். அவருடைய 'மலேசி' நாவலுக்கு 1930-ல் கோன்கூர் விருது கிடைத்தது. அழகான புத்தகம்தான். ஆனால் தமிழர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அவருடைய ஆச்சரியமெல்லாம் மலாய்க்காரர்கள் மேல்.

காம்யுவின் 'கொள்ளைநோய்' பற்றியும் இதே பேச்சு உண்டு. எம்சிஓ காலத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டிய நாவல். 1947-ல் வந்தது, கதை நடப்பது அல்ஜீரியாவின் ஓரான் நகரில். ரேம்பேர் என்ற பத்திரிகையாளன் அரபு மக்களின் வாழ்நிலையைப் பற்றி எழுதத்தான் அந்த ஊருக்கே வருகிறான். முழு உண்மையை எழுத முடியுமா என்று டாக்டர் ரியூ கேட்கிறார், முடியாது என்கிறான். அத்தோடு அந்த விஷயம் நாவலிலிருந்தே காணாமல் போகிறது. அரபு மக்களும் வாழும் ஓர் ஊரில் கொள்ளைநோய் வருகிறது, சாகிற அரபுக்காரன் ஒருத்தனுக்கும் பெயரில்லை.

இதையெல்லாம் நான் அன்றைய கூட்டத்தில் நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது: என் நாற்பது கட்டுரைகளில் வங்காளதேசத்துக்காரர் ஒருவராவது வருகிறாரா? இந்தோனேசியர்? இன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். நம் பாட்டிமார் படுத்த அதே லயத்தில்தான் படுக்கிறார்கள். 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் நோய் வெடித்தபோது செய்தியில் வந்தார்கள். கட்டுரைகளில் ஒன்றில் வருகிறார்கள், 'அந்நியத் தொழிலாளர்களால் தொற்று பரவியது' என்ற வாக்கியத்தில். நூறு வருடத்துக்கு முன்னால் அந்த வாக்கியத்தில் இருந்தது நாம்.

இப்போது அம்மாவின் புத்தகத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சமையலறை மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நாலு 555. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டைப்பையில் அடங்கும் அந்தக் குட்டிக் கடன் புத்தகம். அம்மா பல வருடமாக வீட்டிலேயே தோசை மாவு விற்கிறார். எம்சிஓவில் அதோடு அரிசி, பருப்பு, சீனி, முட்டையும் மொத்தமாக வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். தேதி, பெயர், சாமான், வெள்ளி. நாலு புத்தகத்திலும் இவ்வளவுதான்.

முதல் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு பேர். மே மாதம் வரும்போது எழுத்து சிறியதாகிவிடுகிறது, இடம் பற்றவில்லை. 'கோவிட்', 'கொரோனா' என்ற சொல் நாலு புத்தகத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை. 'ஊசி' இருக்கிறது, 'ஆஸ்பத்திரி' இருக்கிறது. சிலருக்குப் பக்கத்தில் 'வாசல்ல வை' என்று ஒரு குறிப்பு. அந்த வீட்டில் யாருக்கோ தொற்று, சாமானை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று அர்த்தம் என்பது அம்மாவிடம் கேட்ட பிறகுதான் புரிந்தது. 2021 ஜூன் கடைசியில் நாடு முழுக்க வெள்ளைக் கொடி ஏற்றச் சொன்னார்களே, உதவி தேவைப்படுகிறவர்கள் வீட்டு முன்னால் கட்டினால் யாராவது பார்த்து உதவுவார்கள் என்று, அந்த வாரங்களில்தான் புத்தகத்தில் பெயர்கள் மிக அதிகம். எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் கொடி ஏறவில்லை. மானம். அம்மாவிடம் கடன் சொல்வதற்கு மானம் குறுக்கே வராது, திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றுதானே கேட்கிறோம்.

'பங்களா தம்பி – அரிசி 5 கிலோ' என்று நாலு இடத்தில் வருகிறது. ஒரே தம்பியா, நாலு தம்பிகளா, தெரியவில்லை. அம்மாவும் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கட்டுரைக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான்காவது புத்தகத்தில் 'பெரிய மாமா – 37.50' என்று இருக்கிறது. அம்மா பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வேண்டாம்'. தேதி 2021 ஆகஸ்ட். இதே மாதிரி கோடும் 'வேண்டாமும்' இன்னும் ஐந்து பெயருக்கு இருக்கின்றன.

கணக்குப் புத்தகத்தைத் தூக்கி இலக்கியம் என்று சொல்ல நான் வரவில்லை. எளிய மக்களின் எழுத்து என்று எதையாவது கண்டெடுத்துக் கொண்டாடுவது நமக்கு இன்னொரு சோம்பேறித்தனம். 555 இலக்கியம் இல்லை. டீஃபோ செய்ததுபோல யாராவது அந்தப் பக்கத்தோடு தெருவில் இறங்கி நடந்தால் ஒருவேளை ஆகலாம். ஆனால் ஓர் அளவுகோலாக அது எனக்குப் பயன்பட்டது. வாட்சனிடம் எண் இருக்கிறது, பெயர் இல்லை. எங்கள் கட்டுரைகளில் ஒரே ஒரு பெயர்தான், எழுதியவனுடையது. அம்மா புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர், அல்லது 'தம்பி' என்றாவது ஒரு சொல்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் என் இரண்டாவது கட்டுரையை மறுபடி எடுத்தேன். பெரியப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை மூடிய பெட்டியில் நேராக மின்சுடலைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றிரண்டு பேர்தான் தூர நின்று பார்க்க முடிந்தது. நான் போகவில்லை. கட்டுரையில் எழுதியிருந்தேன்: மாவட்ட எல்லையில் சாலைத் தடுப்பு, துப்பாக்கி ஏந்திய இராணுவ வீரன், ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், கடக்க முடியாத தூரம், அரசு எங்களைப் பிரித்தது. உருக்கமான பத்தி அது. அழுதவர்கள் அந்த இடத்தில்தான் அழுதார்கள்.

அந்தச் சாலைத் தடுப்பில் என்னை யாரும் நிறுத்தவில்லை. நான் அங்கே போகவே இல்லை. எனக்கு வேலை கிள்ளானில். கம்பெனி வாங்கிக் கொடுத்த மிட்டி கடிதத்தோடு வாரத்தில் மூன்று நாள் மாவட்ட எல்லையைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தவன் நான். கடிதத்தைக் காட்டினால் போலீஸ்காரர் தலையாட்டி அனுப்பிவிடுவார். சாவு வீட்டுக்கென்று போலீஸ் நிலையத்தில் அனுமதி கேட்கலாம், கொடுத்தார்கள். தம்பி மலாக்காவிலிருந்து அனுமதி வாங்கி வந்தான். எனக்குப் பயம். இரண்டாவது ஊசி போட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெரியம்மா வீட்டில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ். வர முடியல, ரோட் பிளாக் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சரிப்பா, பத்திரமா இரு என்றார்.

பயந்ததைப் பற்றி எனக்கு இப்போது பெரிய வெட்கம் இல்லை. அந்த ஆகஸ்டில் பயப்படாதவன் முட்டாள். எழுதும்போது பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிப்பாயை நிறுத்தினேனே, அதுதான் உறுத்துகிறது. சிப்பாய் நல்ல பாத்திரம். துப்பாக்கி இருக்கிறது, பேச மாட்டான், எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்வான். டீஃபோ முழுப் புத்தகத்தையும் இட்டுக்கட்டினார், ஆனால் சேண வியாபாரியின் பயத்தை மறைக்கவில்லை. ஊரை விட்டு ஓடுவதா இருப்பதா என்று அவன் பக்கம் பக்கமாகத் தடுமாறுகிறான். நான் நடந்ததைத்தான் எழுதினேன், நடந்ததில் முக்கியமானதை மட்டும் மாற்றிவிட்டேன்.

இதைச் சொன்ன பிறகு மற்ற முப்பத்தெட்டுக் கட்டுரைகளையும் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. எத்தனை ஜன்னல்களுக்குப் பின்னால் இப்படி ஒரு போகாத சாவு வீடு இருந்ததோ. பறவையைப் பற்றி எழுதுவது அதைவிடச் சுலபம். அதற்காக அவை நல்ல கட்டுரைகள் ஆகிவிடாது. ஆனால் அவற்றை எழுதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். நிராலாவுக்கு இருபது வருடம் தேவைப்பட்டது. நமக்கு இப்போதுதான் சில வருடம் ஆகியிருக்கிறது. இரண்டாவது தடவை எழுதத் தடை ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். ரோட் பிளாக் விஷயத்தையும் சொன்னேன். 'எனக்குத் தெரியும்பா' என்றார். தம்பி அன்றைக்கே சொல்லிவிட்டானாம், மிட்டி கடிதம் இருப்பதை. 555-ஐப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுதிக்கோ, பேரு மட்டும் எவனோடதும் போட்டுடாத, ரெண்டு பேரு இன்னும் பாக்கி வச்சிருக்கான் என்றார்.